டென்வரின் ஒராரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் டென்வருக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்கக் கோடையில் வந்து இறங்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஊர் சுற்றிக் காட்டும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. மூன்று கல்லூரிகள் சேர்ந்திருக்கும் ஒராரியா வளாகத்தில் நடக்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

1. ஒராரியாங்கறது காலேஜ் பேருதானே? இதுல என்ன பெரிய வரலாறு?

இல்லை. காலேஜ் வந்தது 1970-களில். அதற்கு நூறு வருடத்துக்கும் மேலே முன்பே ஒராரியா தனி ஊர். அதுவும் டென்வரைவிட மூன்று வாரம் மூத்த ஊர்.

செர்ரி கிரீக் என்ற ஓடை சவுத் பிளாட் ஆற்றில் வந்து சேரும் இடம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஓடைக்கு மேற்குக் கரையில் ஒராரியா, கிழக்குக் கரையில் டென்வர் சிட்டி. இன்று வளாகத்திலிருந்து நகர மையத்துக்குப் போக நீங்கள் ஸ்பியர் புலவார்டைக் கடக்கிறீர்கள் அல்லவா, அந்த அகலமான சாலை ஓடையை ஒட்டியே ஓடுகிறது. அதைக் கடப்பவர் ஒரு காலத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனார்.

2. யார் ஆரம்பிச்சது? அந்தப் பேர் எப்படி வந்துச்சு?

வில்லியம் கிரீன் ரஸ்ஸல் என்ற ஜார்ஜியாக்காரர், அவருடைய தம்பிகள் ஆலிவர், லீவை, அப்புறம் அவர்களோடு வந்த கூட்டம். தங்கம் தேடி 1858-ல் வந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஊர் அமைப்பதற்கான கம்பெனி கூடியது. ஜார்ஜியாவில் அவர்கள் பகுதியில் ஒராரியா என்றே ஒரு தங்கச் சுரங்க ஊர் உண்டு, அந்தப் பெயரையே இங்கேயும் வைத்துவிட்டார்கள். புதுச்சேரிக்காரர் வேறு நாட்டில் கடை திறந்து பாண்டி ஸ்டோர்ஸ் என்று பலகை மாட்டுவது போல.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜார்ஜியாவின் தங்கம் கிடைத்த நிலம் செரோக்கி மக்களுடையது. தங்கம் கிடைத்த சில வருடங்களில், 1838-ல், அவர்கள் அங்கிருந்து ராணுவத்தால் மேற்கே துரத்தப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களில் சிலர் 1850-ல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போகும் வழியில், இன்றைய டென்வர் புறநகரில் ரால்ஸ்டன் கிரீக்கில் கொஞ்சம் தங்கத் துகளைக் கண்டார்கள். ரஸ்ஸலின் மனைவி செரோக்கி இனத்தவர். அந்த உறவு வழியாகத்தான் இந்தச் செய்தி அவர் காதுக்கு வந்தது, 1858-ல் வந்த கூட்டத்தில் செரோக்கிகளும் இருந்தார்கள். துரத்தப்பட்ட மக்கள் சொன்ன துப்பில் வந்து, அவர்கள் இழந்த மண்ணில் எழுந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

3. அப்போ தங்கம் நிறைய கிடைச்சிருக்கணுமே?

ஒராரியாவில் கிடைக்கவில்லை. ரஸ்ஸல் கூட்டத்துக்கு 1858 ஜூலையில் லிட்டில் டிரை கிரீக்கில் சில நூறு டாலர் பெறுமான தங்கம்தான் சிக்கியது. கூட்டத்தில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே வெறுத்துப்போய் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் அந்தச் சில நூறு டாலர் கிழக்கே கான்சாஸ், மிசௌரி பக்கம் போய்ச் சேர்ந்தபோது மலையளவு தங்கமாக ஊதிப் பெருத்திருந்தது. 1857-ல் வந்த பொருளாதாரச் சரிவில் வேலை இழந்தவர்கள் ஏராளம், அவர்களுக்கு ஒரு வதந்தி போதுமே.

1859-ல் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்று கணக்கு. அதில் பாதிப் பேர் வந்த வழியே திரும்பினார்கள். அந்த வருடம் மே மாதம் ஜான் கிரெகரி என்பவர் மேற்கே மலைக்குள், இன்றைய சென்ட்ரல் சிட்டி பக்கம், பாறையில் ஓடும் நல்ல தங்க ரேகையைக் கண்டுபிடித்ததால்தான் கதை பிழைத்தது. அதன் பிறகு ஒராரியாவும் டென்வரும் தங்கம் தோண்டும் ஊர்களாக இல்லை. தோண்டப் போகிறவனுக்கு மாவு, மண்வெட்டி, சாராயம் விற்கும் ஊர்களாக நிலைத்தன. லாபம் அதில்தான் இருந்தது.

4. டென்வர் எங்கிருந்து முளைச்சுது?

ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்த ஊர் அது. கிழக்குக் கரையை ஏற்கெனவே செயின்ட் சார்ல்ஸ் என்ற பெயரில் வேறு ஒரு கூட்டம் பிடித்து வைத்திருந்தது. அவர்களில் சிலர் சட்டப்படி பதிவு செய்வதற்காகக் கான்சாஸ் போயிருந்தார்கள், காவலுக்கு ஒருவரை விட்டுவிட்டு. அப்போது வில்லியம் லாரிமர் என்ற ஜெனரல் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். காவல்காரர் ஆட்சேபித்தபோது கயிற்றைக் காட்டி மிரட்டினார்கள் என்று சொல்வார்கள். 1858 நவம்பர் 22-ல் டென்வர் சிட்டி கம்பெனி பிறந்தது.

பெயர் வைத்த கதையும் வேடிக்கை. அப்போது இந்தப் பகுதி கான்சாஸ் பிரதேசத்தில் சேர்ந்தது. அதன் கவர்னர் ஜேம்ஸ் டென்வரைக் குளிர்வித்தால் காரியம் ஆகும் என்று அவர் பெயரை வைத்தார்கள். அவரோ அதற்கு முன்பே பதவியை விட்டு விலகியிருந்தார். செய்தி இங்கே வந்து சேரவில்லை.

5. அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா? காலி நிலமா?

இல்லவே இல்லை. அரபாஹோ, ஷையன் மக்கள் அந்த ஆற்றுச் சங்கமத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். 1851-ல் ஃபோர்ட் லாரமியில் அமெரிக்க அரசே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த நிலத்தை அவர்களுடையது என்று ஏற்றுக்கொண்டது. ஆக, ஒராரியா, செயின்ட் சார்ல்ஸ், டென்வர் மூன்றுமே சட்டப்படி அடுத்தவர் நிலத்தில் போட்ட மனைகள். லாரிமர் செயின்ட் சார்ல்ஸ்காரர்களை ஏமாற்றினார் என்று பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் லிட்டில் ரேவன் என்ற அரபாஹோ தலைவர் வந்தவர்களோடு நட்பாகவே பழகினார்.

1861-ல் ஃபோர்ட் வைஸ் ஒப்பந்தம் வந்தது. சில தலைவர்கள் மட்டும் கையெழுத்திட்டார்கள், லிட்டில் ரேவனும் அதில் ஒருவர். நிலத்தின் மிகப் பெரும் பகுதி கைமாறியது, ஷையன்களில் பலர் அதை ஏற்கவே இல்லை. 1864 செப்டம்பரில் பிளாக் கெட்டில் உள்ளிட்ட தலைவர்கள் ஊருக்கு அருகே கேம்ப் வெல்ட் முகாமுக்கு வந்து சமாதானம் பேசினார்கள். இரண்டே மாதத்தில், நவம்பர் 29-ல், கர்னல் சிவிங்டன் தலைமையில் போன படை சாண்ட் கிரீக்கில் அவர்கள் முகாமைத் தாக்கியது. சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். படையில் டென்வர் பக்கத்து ஆட்கள் நிறைய. திரும்பி வந்தபோது இந்தத் தெருக்களில் அவர்களுக்கு வரவேற்பு நடந்தது.

6. ரெண்டு ஊர்ல எது பெரிசா இருந்துச்சு?

முதல் ஒரு வருடம் ஒராரியாதான் முன்னால். 1858 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கிள் டிக் வூட்டன் என்ற வியாபாரி நியூ மெக்சிகோவிலிருந்து விஸ்கிப் பீப்பாய்களோடு வந்து இறங்கி, ஊருக்கே இலவசமாக ஊற்றினார். அந்த விஸ்கிக்கு டாவோஸ் மின்னல் என்று பெயர். அந்த வரவேற்புக்குப் பிறகு அவர் ஒராரியாவிலேயே கடை போட்டதில் ஆச்சரியம் இல்லை. அவர் கடை மாடியில்தான் ராக்கி மவுண்டன் நியூஸ் பத்திரிகை அச்சானது. வில்லியம் பையர்ஸ் ஒமாஹாவிலிருந்து அச்சு இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். 1859 ஏப்ரல் 23 அன்று, வெளியே பனி கொட்ட, முதல் இதழ் வந்தது. அதே இரவு செர்ரி கிரீக் பயனியர் என்ற போட்டிப் பத்திரிகையும் அச்சாகிக்கொண்டிருந்தது, சுமார் இருபது நிமிடத்தில் அது தோற்றது. தோற்றவர் இயந்திரத்தை பையர்ஸுக்கே விற்றுவிட்டார், அந்தப் பத்திரிகைக்கு அந்த ஒரே இதழ்தான்.

முதல் பள்ளிக்கூடமும் ஒராரியாவில்தான். ஓவன் கோல்ட்ரிக் என்ற அயர்லாந்துக்காரர் பட்டுத் தொப்பியும் கையுறையும் அணிந்து மாட்டு வண்டி ஓட்டி வந்தாராம், மாடுகளை லத்தீனில் திட்டிக்கொண்டே. 1859 அக்டோபர் 3-ல் மண்கூரை போட்ட ஒரு மரக்குடிலில் பதின்மூன்று பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கினார்.

7. இவ்வளவு முன்னால இருந்த ஊர் ஏன் தோத்துப்போச்சு?

தபால் வண்டி. ஒரு வரியில் பதில் அதுதான். லெவன்வொர்த் அண்ட் பைக்ஸ் பீக் எக்ஸ்பிரஸ் என்ற கோச்சு வண்டி நிறுவனம் 1859-ல் இங்கே சேவை தொடங்கியபோது, லாரிமரின் கம்பெனி அவர்களுக்கு மனைகளையும் பங்குகளையும் கொடுத்து வளைத்துவிட்டது. வண்டி நிற்கும் இடம் டென்வர் சிட்டி என்று ஆயிற்று. கடிதம் வாங்கவும், பயணிகளை ஏற்றவும், பணம் அனுப்பவும் ஒராரியாக்காரர் ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். கடைகள் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன.

ரஸ்ஸல் சுரங்கக்காரர், தங்கம் எங்கே என்று மலைக்குள் போய்விட்டார். லாரிமர் மனை வியாபாரி. ஊர் கட்டுவதில் யார் ஜெயிப்பார் என்று நம் புறநகர்களில் பிளாட் போட்டு விற்பவர்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

8. நடு ராத்திரியில பாலத்து மேல ரெண்டு ஊரையும் சேர்த்தாங்களாமே, நிஜமா?

நடு ராத்திரி இல்லை, நிலா வெளிச்சத்தில். 1860 ஏப்ரல் தொடக்கத்தில் ஒராரியாவின் ஆட்கள் தாங்களே வாக்களித்து இணைவதற்குச் சம்மதித்தார்கள். ஏப்ரல் 6 அன்று லாரிமர் தெருப் பாலத்தில் இரண்டு பக்கத்தாரும் கூடி அதைக் கொண்டாடினார்கள். அன்று முதல் ஒராரியா என்ற ஊர் இல்லை, டென்வரின் மேற்குப் பிரிவு. பேச்சு வழக்கில் மேற்கு டென்வர்.

இந்த வாக்கெடுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 15-வது கேள்வியில் இன்னொரு வாக்கெடுப்பு வரும்.

9. ரஸ்ஸலுக்கு என்ன ஆச்சு?

ஊருக்குப் பெயர் வைத்தவருக்கு அங்கே நிலைக்கக் கொடுத்து வைக்கவில்லை. அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் வந்தது, அவர் தெற்குக்காரர். 1862-ல் ஊர் திரும்பக் கிளம்பி நியூ மெக்சிகோவில் கைதானார். பிறகு எப்படியோ ஜார்ஜியா போய்த் தெற்குப் படையில் சேர்ந்தார். 1877-ல், செரோக்கி மக்கள் குடியேற்றப்பட்ட இந்தியன் டெரிட்டரியில் இறந்தார். லாரிமரும் டென்வரில் தங்கவில்லை, கான்சாஸ் போய்விட்டார். ஆனால் அவர் பெயரில் டென்வரின் முக்கியமான தெரு இருக்கிறது.

10. இந்த ஓடையில முழங்கால் அளவுதான் தண்ணி ஓடுது. இதுலயா வெள்ளம் வந்து ஊரை அடிச்சுட்டுப் போச்சு?

கோடையில் வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது. அன்றைக்கு வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வறண்ட மணலைப் பார்த்து. பூர்வகுடிகள் எச்சரித்தார்கள் என்பார்கள், யாரும் கேட்கவில்லை. ஓடைப் படுகையிலேயே கட்டடங்கள் எழுந்தன. ராக்கி மவுண்டன் நியூஸ் அலுவலகம்கூட ஓடைக்கு நடுவில் மரக்கால்கள் நட்டு அதன்மேல் கட்டப்பட்டது. இரண்டு ஊர்ச் சந்தாதாரர்களையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க பையர்ஸ் கண்டுபிடித்த வழி அது.

1864 மே 19 நள்ளிரவை ஒட்டி, மேலே பெய்த மழை சுவர் மாதிரி இறங்கியது. பத்திரிகை அலுவலகம், நகர மன்றம், ஒரு தேவாலயம், பாலங்கள் எல்லாம் போயின. நகர மன்றத்தின் இரும்புப் பெட்டியும் அதிலிருந்த ஆவணங்களும் அதோடு போயின. உயிர்ச்சேதமும் உண்டு. அந்த வெள்ளத்தைப் பத்திரிகையில் மிகையான அலங்கார நடையில் எழுதியவர் நம் மாட்டு வண்டி வாத்தியார் கோல்ட்ரிக்தான். பையர்ஸ் சில வாரங்களில் வேறு பத்திரிகையின் அச்சகத்தை வாங்கி மீண்டும் தொடங்கினார். அந்தப் பத்திரிகை 2009 பிப்ரவரியில், 150 வயது நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது மூடப்பட்டது.

ஓடைக்கு இரு பக்கமும் நீங்கள் பார்க்கும் சுவர்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மேயர் ஸ்பியர் காலத்தவை. ஓடையை உண்மையிலேயே அடக்கியது மேலே கட்டிய செர்ரி கிரீக் அணை, அது 1950-ல் முடிந்தது. நீங்கள் பார்க்கும் முழங்கால் தண்ணீர் அணை விடும் தண்ணீர்.

11. டென்வரோட சேர்ந்த பிறகு அங்க யார் குடியிருந்தாங்க?

1870-ல் ரயில் வந்ததும் மேற்குப் பிரிவு தொழிற்பேட்டையாக மாறியது. தண்டவாளம், மாவு மில், கிடங்கு, நடுவே தொழிலாளர் வீடுகள். வசதியானவர்கள் கேபிடல் ஹில் பக்கம் போய்விட்டார்கள். ஜெர்மானியர், ஐரிஷ்காரர், யூதர், பிறகு மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள் என்று ஒவ்வொரு அலையாக வந்து குடியேறினார்கள்.

வளாகத்தின் நடுவில் கோபுரம் வைத்த பெரிய செங்கல் கட்டடம் இருக்கிறதே, மாணவர் சங்கம் என்று பலகை போட்டது, அது டிவோலி மதுவடிப்பாலை. ஜெர்மன் குடியேறிகள் காலத்துச் சொத்து. 1965 வெள்ளத்தில் அடிபட்டு, அப்புறம் வேலைநிறுத்தம் வந்து, 1969-ல் மூடியது. இடையில் கொஞ்ச நாள் ஷாப்பிங் மால். உள்ளே போனால் பழைய கொப்பரைகளை இன்னும் பார்க்கலாம். பையன் தினமும் சாப்பிடும் இடம் பழைய பீர் ஃபேக்டரி என்று சொன்னால் சில அம்மாக்களின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

12. ஒரு காலேஜுக்குள்ள எதுக்கு மூணு சர்ச்?

காலேஜ் வருவதற்கு முன்பே அவை அங்கே இருந்தன, சுற்றியிருந்த வீடுகள்தான் போய்விட்டன.

இம்மானுவேல் என்ற சின்னக் கல் கட்டடம் 1876-ல் எபிஸ்கோபல் சிற்றாலயமாகக் கட்டப்பட்டது. டென்வரில் மிஞ்சியிருக்கும் தேவாலயக் கட்டடங்களில் மிகப் பழையது. 1903-ல் யூதர்கள் வாங்கிச் ஜெபக்கூடமாக்கினார்கள், 1958 வரை அப்படி இருந்தது. இப்போது ஓவியக் கூடம். செயின்ட் எலிசபெத் ஜெர்மன் கத்தோலிக்கர்களுடையது, இன்றைய கட்டடம் 1898-ல் முடிந்தது, இன்றும் பூசை நடக்கிறது.

மூன்றாவது செயின்ட் கஹெட்டன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஐரிஷ்காரர்களின் செயின்ட் லியோ தேவாலயம் இருந்தது. ஸ்பானிஷ் பேசுபவர்கள் அங்கே போனால் அவர்களுக்குப் பூசை நிலவறையில்தான். மேலே ஐரிஷ், கீழே இவர்கள். நம் ஊர் தேவாலயங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைசியில் ஜான் மல்லன் என்ற மாவு மில் முதலாளி, அவரும் ஐரிஷ்காரர்தான், தன் பழைய வீடு இருந்த மனையையும் பணத்தையும் கொடுக்க, 1926-ல் அவர்களுக்கென்று செயின்ட் கஹெட்டன் எழுந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மட்டுமல்ல, பள்ளி, மருத்துவ உதவி, கடன் சங்கம் என்று அந்தத் தெருக்களின் வாழ்க்கையே அதைச் சுற்றி நடந்தது. நிலவறையில் வைத்த செயின்ட் லியோ 1960-களில் இடிபட்டது.

13. அந்தக் கட்டடம் இப்போ பூட்டிக் கிடக்கே, பங்கு மக்கள் எங்க?

மக்கள் விரட்டப்பட்டதால் பங்கும் போனது. செயின்ட் கஹெட்டன் பெயரில் தென்மேற்கு டென்வரில் 1970-களில் புதிய கோயில் கட்டிக்கொண்டார்கள். பழைய கட்டடம் வளாகத்தின் அரங்கமாக இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கும்போதுதான் திறப்பார்கள்.

14. ஏன் விரட்டினாங்க? என்ன நடந்துச்சு?

1965 ஜூன் 16-ல் இந்த முறை செர்ரி கிரீக் அல்ல, சவுத் பிளாட் ஆறு பொங்கியது. கரையோரமெல்லாம் சேதம். ஏற்கெனவே தொழிற்சாலைகளுக்கு நடுவே பழைய வீடுகள் என்று நகராட்சி முகம் சுளித்துக்கொண்டிருந்த பகுதி, வெள்ளத்துக்குப் பிறகு பாழடைந்த பகுதி என்ற முத்திரை குத்துவது சுலபமாகிவிட்டது. அந்த முத்திரை விழுந்தால் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மத்திய அரசுப் பணம் வரும்.

மறுபக்கம், கல்லூரிகளுக்கு உண்மையாகவே இடம் இல்லை. 1965-ல் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் ஸ்டேட் கல்லூரி நகர மையத்தில் வாடகைக் கட்டடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் கிளை பழைய டிராம்வே கம்பெனிக் கட்டடத்தில். சமுதாயக் கல்லூரியையும் சேர்த்து மூன்றுக்கும் ஒரே வளாகம் என்று திட்டம் போட்டார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த 38 பிளாக்கில் பெரும்பாலும் மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக. நூற்றுக்கணக்கான குடும்பங்களும் இருநூறுக்கு மேற்பட்ட தொழில்களும் வெளியேற வேண்டியிருந்தது. 1973-க்குள் தெருக்கள் காலி.

15. ஜனங்க ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணாங்க? அப்புறம் என்ன குறை?

1969 நவம்பரில் நடந்தது. நகரத்தின் பங்கைக் கடன் பத்திரம் மூலம் திரட்டலாமா என்று டென்வர் நகரம் முழுவதும் ஓட்டு, குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தது. கவனியுங்கள், நகரம் முழுவதும். 1860-ல் ஒராரியாவைக் கரைப்பதா என்று முடிவு செய்தவர்கள் ஒராரியாவில் குடியிருந்தவர்கள். 1969-ல் அங்கே குடியிருந்த சில நூறு குடும்பங்களின் ஓட்டு, அந்தத் தெருவில் கால் வைத்திராத ஆயிரக்கணக்கானவர்களின் ஓட்டில் கரைந்தது.

குடியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், வீடு வீடாகப் போனார்கள், செயின்ட் கஹெட்டன் பங்குத்தந்தை அவர்கள் பக்கம் நின்றார். ஆனால் வாக்கெடுப்புக்கு முன் பேராயர் ஜேம்ஸ் கேஸி திட்டத்தை ஆதரித்து எழுதிய கடிதம் மறைமாவட்டக் கோயில்களில் வாசிக்கப்பட்டது. தங்கள் வீட்டை இடிக்கத் தங்கள் சபையே ஓட்டுக் கேட்டது என்பதைப் பழையவர்கள் பேசும்போது இன்றும் அந்தக் கசப்பு தெரியும்.

கல்லூரி வேண்டாமா என்று எதிர்க் கேள்வி கேட்பார்கள். வேண்டும்தான். ஏழைப் பிள்ளைகள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் லட்சக்கணக்கில் இங்கே படித்து வெளியே போயிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் உட்பட. ஆனால் பக்கத்தில் ரயில் யார்டுகளும் கிடங்குகளும் இருக்க, வீடுகள் இருந்த பிளாக்குகள் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு ஒப்புக்கொள்ளும்படியான பதில் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் ஏழைகள், பேசும் மொழி வேறு என்பதைத் தவிர.

16. ஒன்பதாம் தெருவுல அழகா வரிசையா வீடுங்க இருக்கே, அது மட்டும் எப்படித் தப்பிச்சுது?

ஹிஸ்டாரிக் டென்வர் என்ற பாதுகாப்பு அமைப்பு 1970-ல்தான் உருவாகியிருந்தது. அவர்கள் பணம் திரட்டி அந்த ஒரு பிளாக்கைக் காப்பாற்றினார்கள். பதின்மூன்று வீடுகளும் மூலையில் ஒரு மளிகைக் கடையும். இப்போது எல்லாம் அலுவலகங்கள். அதில் ஒன்று 1870-களின் தொடக்கத்து மர வீடு, அங்கேதான் கொன்சாலஸ் குடும்பம் காசா மாயன் என்ற உணவகத்தை நடத்தியது, 1973 வரை.

வீடுகள் தப்பித்தன, குடியிருந்தவர்கள் தப்பிக்கவில்லை. காப்பாற்றிய அமைப்பைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லையென்றால் அதுவும் கார் நிறுத்துமிடம் ஆகியிருக்கும். ஆனால் அங்கே பூந்தொட்டி வைத்துப் புகைப்படம் எடுக்கும்போது, அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தவர்களில் பலர் உயிரோடுதான் இருக்கிறார்கள், இதே ஊரில், என்பது தெரிந்திருக்க வேண்டும்.

17. இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் வீடும் அங்க இருக்கே, அவங்க ஒராரியாவா?

இல்லை. அது வேறு பகுதியிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து 1988-ல் வைத்தது. அவர் 1913-ல், பதின்ம வயதில், மில்வாக்கியில் வீட்டை விட்டு ஓடிவந்து டென்வரின் மேற்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தார்.

18. விரட்டப்பட்டவங்களுக்கு ஏதாவது கொடுத்தாங்களா?

வீட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு, மற்றவர்களுக்கு இடம் மாறும் செலவு. அதே தொகையில் அதே மாதிரி வீடு, அதே சனத்துக்கு நடுவில், வேறு எங்கே கிடைக்கும்? பலர் கோல்ஃபாக்ஸ் சாலைக்குத் தெற்கே லா ஆல்மா லிங்கன் பார்க் பக்கம் போனார்கள். அந்தப் பகுதி 2021-ல் நகரின் வரலாற்றுப் பண்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

1990-களில் மூன்று கல்லூரிகளும் கட்டணமில்லாப் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. 1955 முதல் 1973 வரை அங்கே குடியிருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் வரை. அதோடு நிற்கக் கூடாது என்று குடும்பங்கள் விடாமல் கேட்டதால் 2021-ல் எல்லா வழித்தோன்றல்களுக்கும் என்று விரிந்தது.

19. இப்போ ஒராரியாங்கறது அதிகாரபூர்வமா ஒரு ஏரியாவா, வெறும் காலேஜா?

ஏரியாதான். டென்வர் நகராட்சி ஊரை 78 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதில் ஒராரியாவும் ஒன்று. வளாகம் மட்டுமல்ல, கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும் நடக்கும் பால் அரீனாவும் இதற்குள்தான். மாணவர் விடுதிகளைக் கழித்துவிட்டால் குடியிருப்பு மிகக் குறைவு. பகல் முழுக்கக் கூட்டம், இரவு எட்டு மணிக்கு மேல் வளாகப் பக்கம் ஆள் அரவம் இருக்காது.

20. அப்போ டென்வரை நிறுவினவர் யாருன்னு கேட்டா என்ன பதில் எழுதறது?

பரீட்சைத் தாள் என்றால் லாரிமர், 1858 நவம்பர் 22 என்று எழுதி மார்க்கை வாங்கிவிடுங்கள். பரீட்சை இல்லாத இடத்தில், 2, 4, 5-வது பதில்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இன்று டென்வர் என்று நாம் சொல்வதில் முதலில் எழுந்த ஊர் ரஸ்ஸலின் ஒராரியா, லாரிமர் எடுத்துக்கொண்டது செயின்ட் சார்ல்ஸ்காரர்கள் பிடித்த இடத்தை, அவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டது அரபாஹோ, ஷையன் மக்களின் நிலத்தை. அதனால் ஒற்றைப் பெயரைச் சொல்ல நான் தயாராக இல்லை.

21. ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்க்கலாம்?

கோல்ஃபாக்ஸ் அட் ஒராரியா லைட் ரயில் நிறுத்தத்தில் இறங்கி முதலில் ஒன்பதாம் தெரு. அங்கிருந்து செயின்ட் கஹெட்டனின் வெளிப்புறம், பிறகு இம்மானுவேல், செயின்ட் எலிசபெத், கடைசியில் டிவோலி. எல்லாம் நடக்கும் தூரம். நேரம் மிஞ்சினால் ஓடையோரப் பாதையில் இறங்கி வடக்கே நடந்தால் கான்ஃப்ளூயன்ஸ் பார்க், ஓடையும் ஆறும் சேரும் இடம். பாதையில் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், வயதானவர்களை ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். குளிர்காலம் என்றால் டிவோலியிலேயே முடித்துக்கொள்வது உத்தமம், உள்ளே காபி கிடைக்கும்.